பெண்கள் வார்டின் கதவுக் கீல்

அந்த அரசு ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆப்பு என்று கேட்டால் வாசல் காவலாளி முதல் பிணவறைக்காரர் வரை கையை நீட்டி வழி காட்டுவார்கள். கட்டில் ஆடினால் காலுக்கடியில் ஓர் ஆப்பு, ஜன்னல் அடித்துக்கொண்டால் சட்டத்தின் இடுக்கில் ஓர் ஆப்பு, கதவு நிற்காமல் ஓடி வந்தால் அதற்கும் ஓர் ஆப்பு. முதலுதவி அது, மற்ற வைத்தியம் பிறகு. சாய்வாகச் சீவிய மரத்துண்டுகள் ஐந்தாறு எப்போதும் அவர் கால்சட்டைப் பையில் குலுங்கும். "எனக்கே ஆப்பு வைக்கிறீங்களா?" என்ற கேலியை, புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு டாக்டரும் தன் சொந்தச் சரக்கு போலச் சொல்வார். இவரும் அன்றுதான் முதல் தடவை கேட்பதுபோலச் சிரித்து வைப்பார்.

ஆஸ்பத்திரித் தச்சர் என்றால் மேஜை நாற்காலி செய்கிறவர் என்று வெளியில் நினைக்கிறார்கள். அங்கே புதிதாகச் செய்வது குறைவு. இருப்பதைச் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தரை துடைக்கிற மருந்துத் தண்ணீர் கட்டிலோரப் பெட்டிகளின் அடிப்பலகையைத் தின்றுவிடும். தள்ளுவண்டிகள் இடித்து இடித்துக் கதவுகளின் இடுப்பு ஒடியும். ரத்த அழுத்தம் இறங்கிய நோயாளியின் கால்மாட்டைத் தூக்கி வைக்கக் கட்டைகள் வேண்டும். ஊசி ஏற்றிய குழந்தை கையை மடக்காமல் இருக்க, கையோடு சேர்த்துக் கட்ட மெல்லிய பலகை வேண்டும். அந்தப் பலகையை மட்டும் அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு தன் கன்னத்தில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் வார்டுக்கு அனுப்புவார். சலவைக்கூடத்துக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஓர் அறை. பாதி அவருக்கு, பாதி பிளம்பருக்கு.

வாயில் ஆணியைக் கடித்தபடி வேலை செய்து பழகியதாலோ என்னவோ, அவருக்குப் பேச்சு குறைவு. அந்தக் குறையை அவர் மனைவி தனி ஆளாக நிரப்பினாள். வீட்டில் தையல் மிஷின் போட்டிருந்தாள். மிஷின் கடகடவென்று ஓடும்போதும் அதற்கு மேலே ஏறி நின்று பேசக்கூடிய தொண்டை. துணி கொடுக்க வந்தவளின் மாமியார் கதை, எதிர்வீட்டுத் தண்ணீர்ச் சண்டை, தூரத்தில் கட்டிக்கொடுத்த மகள் போனில் சொன்னது, சொல்லாமல் விட்டது, எல்லாம் அவர் கைகால் கழுவி உட்காருவதற்குள் தொடங்கி, கண்ணை மூடும்வரை ஓடும். அவர் "ம்" போடுவார். சில நாள் அந்த "ம்" தப்பான இடத்தில் விழும். அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

"உன் வீட்டுல ரேடியோ செலவு மிச்சம்டா" என்பார் பிளம்பர்.

"ஆமா. நிறுத்தற பட்டன் ஒண்ணுதான் இல்ல" என்பார் இவர்.

அந்த வருடம் அவளுடைய சட்டைகளின் கழுத்து இறுக ஆரம்பித்தது. வெட்டில்தான் தப்பு என்று நினைத்து, பிரித்துப் பிரித்து மறுபடி தைத்தாள். தப்பு துணியில் இல்லை என்று தெரிவதற்குள், குரல்வளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எலுமிச்சை அளவுக்குக் கட்டி திரண்டுவிட்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு இழுத்தது. ஊசியால் குத்தி எடுத்துச் சோதித்ததில் கெட்ட கட்டி இல்லை என்று வந்தது. இருந்தாலும் மூச்சுக்குழாயை நெருக்குகிறது, எடுத்தே ஆக வேண்டும் என்றார் அறுவைச் சிகிச்சை டாக்டரம்மா. கழுத்து வேலைக்கு அவர் கை நல்ல கை என்று நர்சுகள் சொல்வார்கள். நர்சுகள் சொன்னால் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

"ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன்" என்றார் டாக்டரம்மா. "பேசறதுக்கான நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே போகுது. பார்த்துத்தான் எடுப்போம். ஆனா சில பேருக்குக் குரல் கம்மிப் போகும். ரொம்ப அபூர்வமா, குரலே திரும்பாமலும் போகும். அடுத்த வாரம் எனக்கு மாற்றல். நான் இருக்கும்போதே முடிச்சுடலாம், என்ன சொல்றீங்க?"

"போனா போகுது டாக்டர்" என்று சிரித்தாள் அவள். "இவரு காது கொஞ்சம் ஓயட்டும்."

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவளும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். எதையாவது சொல்லி அவளைக் கிளப்பிவிட வேண்டும் என்று அவர் யோசித்தார். இத்தனை வருடத்தில் பேச்சைத் தொடங்குகிற வேலை அவருக்கு வந்ததே இல்லை. எப்படித் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் இறங்குமிடம் வந்துவிட்டது. அன்று பிடித்த பயம் அவரை விடவில்லை.

பெண்கள் அறுவை வார்டில் படுக்கை கிடைத்தது. துணைக்கு அவள் தங்கை வந்தாள். மகள் நிறைமாதம், வர முடியாது. அந்த வார்டில் ஆண்களுக்கு மாலை நான்கிலிருந்து ஆறு வரைதான் அனுமதி. அந்த விதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டு மாற்றுவது, உடம்பு துடைப்பது, பெட்பேன் வைப்பது எல்லாம் மற்ற நேரத்தில்தான் நடக்க வேண்டும். ஊரான் புருஷனெல்லாம் நடுவில் நின்று வேடிக்கை பார்த்தால் எந்த வேலையும் ஆகாது. ஊழியர் என்பதற்காகச் சலுகை கிடையாது என்று வார்டு சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"வேலையா வந்தா வாங்க. வீட்டுக்காரரா வந்தா நாலு மணிக்கு வாங்க."

சிஸ்டர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கோ அதில் ஒரு வாசல் தெரிந்தது.

முதல் நாள் ஒரு கட்டிலோரப் பெட்டியின் கதவைச் சரிசெய்ய உண்மையாகவே கூப்பிட்டார்கள். முட்டி போட்டு உட்கார்ந்து கீலை முடுக்கினார். இரண்டு கட்டில் தள்ளி மனைவி, பக்கத்து நோயாளியின் மருமகளைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையில் திருப்புளி இருக்கிறவரை யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அரைமணி வேலையை ஒருமணி நேரம் செய்தார். கிளம்பும்போது, பக்கத்துப் பெட்டியின் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் புகார் வந்தது. அதற்கடுத்து ஜன்னல் கொக்கி. பிறகு ஒரு ஸ்டூல்.

"என்ன ஆப்பு, இந்த வார்டுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றார் சிஸ்டர். "வருஷக்கணக்கா ஆடாததெல்லாம் இந்த வாரம் ஆடுது."

"மழை ஈரம் சிஸ்டர். மரம் உப்பிக்கும்."

"ஸ்டூல் கால் இரும்பாச்சே."

அவர் வாயில் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேச முடியாதல்லவா.

மனைவிக்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. "நீங்களே கழட்டிட்டு நீங்களே மாட்டறீங்களா?" என்று கேட்டாள், கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி.

"மெதுவாப் பேசு."

"மெதுவாப் பேசறது அப்புறம் தானா வரப்போகுது. இப்பவாவது சத்தமாப் பேசிக்கறேன்."

தங்கை தலையணை உறையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "மாமா, அடுத்து அக்கா கட்டிலைக் கழட்டுங்க. அது ஒண்ணுதான் பாக்கி."

அறுவைக்கு முந்தைய மாலை. ஆறு மணி மணியடித்து எல்லா ஆண்களும் கிளம்பினார்கள். மறுநாள் முதல் ஆளாக அவளைத்தான் எடுக்கப்போகிறார்கள். தள்ளுவண்டியை வராந்தாவில் நின்று பார்க்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் தள்ளுவண்டி என்ன நின்று பேசுமா? போவதற்கு முன்னால் ஒரு அரைமணி, வார்டுக்குள்ளே, அவள் பாட்டுக்குப் பேசுவதைக் கேட்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு ஸ்டூல் போதாது. ஸ்டூல் ஆடினால் சிஸ்டர் ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு மதியம்தான் சொல்லி அனுப்புவார். காலையிலேயே காதைக் கிழிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும்.

வார்டின் பெரிய கதவு இரட்டைக் கதவு, வராந்தாப் பக்கம் திறப்பது. பகலெல்லாம் திறந்தே நிற்கும். எல்லாரும் போகும்வரை நின்று, கதவின் மேல் கீலிலிருந்து இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாவதைத் தளர்த்தினார். கதவு ஒரு நூல் இறங்கும், அசைத்தால் தரையில் கீச்சென்று உரசும், சிஸ்டரால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாது, விடிந்ததும் ஆள் அனுப்புவார் என்பது கணக்கு. வெளியே போகிற வழியில் மட்டும் விளையாடக் கூடாது என்று புதிதாக வருகிற கூலி ஆட்களுக்கு அவரே பாடம் எடுத்திருக்கிறார். ஒரு ராத்திரிதானே, என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

காலையில் சீக்கிரமே வந்து தகர அறையில் உட்கார்ந்திருந்தார். ஆள் வந்தது. பெண்கள் வார்டிலிருந்து இல்லை, கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து. மேஜை இழுப்பறை மாட்டிக்கொண்டதாம், முத்திரை உள்ளே இருக்கிறதாம், உடனே வர வேண்டுமாம்.

"இன்னிக்குப் பார்த்தா?" என்றார் இவர்.

"இழுப்பறைகிட்ட நாள் பார்த்து மாட்டிக்கோன்னு சொல்ல முடியுமா?" என்றார் பிளம்பர். "போயிட்டு வா. உன் வார்டுக்காரங்க கூப்பிட்டா அங்க அனுப்பறேன்."

இழுப்பறையில் ஆள் அளவுக்குக் காகிதத்தைத் திணித்து வைத்திருந்தார்கள். கையை அடியில் விட்டு, மேலே எழும்பி நின்ற அட்டையை அழுத்திக்கொண்டே இழுத்தார். பாதி வந்தது. அப்போதுதான் ஊழியர் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அண்ணே, பெண்கள் அறுவை வார்டுக் கதவு பொத்துன்னு இறங்கி மாட்டிக்கிச்சு. திறக்கவே மாட்டேங்குது. ஆபரேஷனுக்குப் போற வண்டி உள்ளேயே நிக்குது. யாரோ கழுத்துக் கட்டி அம்மாவாம்."

அவர் இழுப்பறையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். முத்திரை அன்று மதியம்வரை உள்ளேதான் இருந்தது.

நடந்தது இது. நோயாளியை வண்டியில் ஏற்றிய நேரத்தில் யாரோ கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் கொட்டிவிட்டார்கள். வழுக்கி விழுந்து தொலைக்கப் போகிறார்கள் என்று ஆயா கதவு இரண்டையும் இழுத்துச் சாத்திவிட்டுத் துடைத்திருக்கிறார். ஆயா எதையும் பூப்போல இழுக்கிறவர் இல்லை. தளர்ந்த மூன்றாவது ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டது. கதவு சரிந்து, கீழ் மூலை உடைந்த தரைக்கல்லின் பள்ளத்தில் போய்க் குத்தி நின்றது. அந்தக் கதவின் விளிம்பு மற்றக் கதவின் மேல் படிந்து மூடுவது. இது திறந்தால்தான் அது திறக்கும். வார்டுக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. அதை ஒட்டி உடைந்த கட்டில்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அவை யார் ரிப்பேர் பண்ண வேண்டியவை என்று கேட்கத் தேவையில்லை.

கதவுக்கு வெளியே ஆபரேஷன் தியேட்டர் ஊழியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "டாக்டரம்மா கை கழுவத் தயார். இன்னும் கொஞ்ச நேரத்துல வரலேன்னா ரெண்டாவது கேஸை எடுத்துடுவாங்க. அது பெரிய கேஸ், சாயங்காலம் ஆயிடும். இந்தம்மா அடுத்த வாரம்தான்."

அடுத்த வாரம் டாக்டரம்மா இல்லை. கழுத்தில் வேறு யாருடைய கை படும் என்று தெரியாது. பையைக் கீழே போட்டு, குப்புறப் படுத்து, கதவின் அடியில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

உள்ளே சிஸ்டரின் குரல்: "யார் அங்க? ஆப்பா?"

"நான்தான் சிஸ்டர்."

"சீக்கிரம் திறங்க. ஊசி போட்டாச்சு."

அறுவைக்கு முன்னால் பயம் தெளியப் போடுகிற ஊசி அது. சிலரைத் தூங்க வைக்கும். சிலருக்கு நாக்கின் கட்டை அவிழ்த்துவிடும்.

"யாரு, எங்க வீட்டுக்காரரா?" என்று உள்ளிருந்து ஒரு குரல் உற்சாகமாகக் கேட்டது. "ஏங்க, இதையும் நீங்கதானே கழட்டினீங்க?"

அவர் ஒரு மெல்லிய ஆப்பைக் கதவுக்கும் தரைக்கும் நடுவில் செருகிச் சுத்தியலால் தட்டினார். கதவு மயிரிழை அசைந்தது.

"நேத்து சாயங்காலம் மணியடிச்சப்புறம் கதவுகிட்ட கிலுகிலுன்னு ஏதோ சத்தம் கேட்டுச்சு. அப்பவே நினைச்சேன். சிஸ்டர், ஸ்டூலும் இவர்தான். பெட்டிக் கதவும் இவர்தான். என்னைப் பார்க்க வரணும்னு ஒவ்வொண்ணா கழட்டறாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, வாடி ஒரு சினிமாவுக்குப் போகலாம்னு ஒரு வார்த்தை கூப்பிட்டதில்ல. இப்ப பாருங்க, ஆஸ்பத்திரியையே கழட்டறாரு!"

வார்டுக்குள் நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். தையல் போட்டவள் ஒருத்தி, "ஐயோ சிரிக்க வைக்காதீங்கக்கா, பிரிஞ்சுடும்" என்று முனகினாள். தங்கை, "அக்கா, சும்மா இரு" என்று கெஞ்சினாள். தியேட்டர் ஊழியர் இவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் ஆப்பின்மேல் இரண்டாவதைச் செருகினார். தட்டினார். காது சூடாக இருந்தது. அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், நடுவில் அந்தக் குரல். தடித்த மரத்தைத் தாண்டி வந்தும் அதற்கு ஒரு குறைவும் இல்லை. மாமியார்காரியின் நகைக் கதையைத் தொடங்கி, பாதியில் விட்டு, மகளுக்கு என்ன குழந்தை பிறக்கும் என்பதற்குப் போய், அங்கிருந்து மிஷினுக்கு எண்ணெய் போடச் சொல்லி, மறுபடி நகைக்கு வந்தது. கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. தட்டுவதற்கு நடுவே தன்னையறியாமல் அவர் ஒருமுறை "ம்" போட்டார்.

"சரியான இடத்துல போட்டீங்க இன்னிக்கு!" என்றாள் அவள்.

மூன்றாவது ஆப்பு உள்ளே போனதும் கதவின் மூலை பள்ளத்திலிருந்து எழும்பியது. "ஆயா, உள்ளேர்ந்து மெதுவாத் தள்ளுங்க. மெதுவா!" ஆயா வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாகத் தள்ளினார். கதவு வந்தது. விழுந்துவிடாமல் இருக்க அவர் அதைத் தோளில் தாங்கி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். மற்றக் கதவும் திறந்தது; வண்டி அவரைத் தாண்டிப் போனது. பலகையில் கன்னம் அழுந்தியிருந்ததால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கதவு பத்திரம்" என்று மட்டும் கேட்டது. பிறகு சக்கரச் சத்தம்.

சிஸ்டர் வெளியே வந்து மேல் கீலை அண்ணாந்து பார்த்தார். இரண்டு ஓட்டைகள் பளிச்சென்று காலியாக இருந்தன. பிய்ந்திருந்தால் மரம் சிராய் எழும்பியிருக்கும். இது கையால் கழற்றியது. சிஸ்டர் உள்ளங்கையை நீட்டினார். தச்சர் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி மறு கையால் சட்டைப் பையிலிருந்து இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்து அதில் வைத்தார்.

"உள்ள முப்பது பேர் படுத்திருக்காங்க" என்றார் சிஸ்டர். குரலை உயர்த்தவில்லை. "பாதிப்பேர் எழுந்து நடக்க முடியாதவங்க. தீப்பிடிச்சிருந்தா?"

அவர் சாய்ந்த கதவைத் தோளால் இன்னும் நிமிர்த்திப் பிடித்தார்.

"இப்ப மாட்டுங்க. ஒழுங்கா, மூணும் புது ஸ்க்ரூ. நாளைக்குக் காலையில வந்து பின்வாசலைத் திறந்து விடணும். அந்த உடைஞ்ச கட்டில் எல்லாம் அங்கேர்ந்து போகணும். முடியறவரைக்கும் வேற வார்டுக்குப் போகக் கூடாது."

"சரி சிஸ்டர்."

"இது தண்டனை. புரியுதா?"

"புரியுது சிஸ்டர்."

மதியத்துக்குள் டாக்டரம்மா வெளியே வந்தார். தங்கையும் அவரும் எழுந்து நின்றார்கள். கட்டி முழுசாக வந்துவிட்டது, நரம்பைக் கண்ணால் பார்த்தோம், அறுபடவில்லை என்றார். "ஆனா தொட்டாலே சில நரம்பு கோவிச்சுக்கும். அவங்க பேசினாத்தான் நானே நம்புவேன்."

மயக்கம் தெளிந்த பிறகு நர்ஸ் பேசச் சொன்னபோது அவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த தங்கை சொல்லாமலே அவருக்குத் தெரிந்தது. தொண்டைக்குள் குழாய் விட்டிருந்தார்கள், வீக்கம் இருக்கும், நாளைவரை பொறுக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். அது உண்மைதான். ஆனால் உண்மையைக் கேட்பவனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரும் என்று எந்த நர்சும் சொல்லமாட்டார்.

நான்கு மணிக்குப் போனார். கழுத்தில் கட்டு, அதன் ஓரத்திலிருந்து கெட்ட ரத்தம் வடிய ஒரு சின்னக் குழாய். அவள் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாராவது ஒருவர் பேசியாக வேண்டும். ஆள் வேறு யாரும் இல்லை. எனவே அவர் பேசினார். இழுப்பறையைப் பற்றிச் சொன்னார். முத்திரை இல்லாமல் அலுவலகமே கையைப் பிசைந்ததைச் சொன்னார். பிளம்பர் காலையிலிருந்து தன்னைப் பார்க்கும்போதெல்லாம் சட்டைப் பையைக் குலுக்கிக் காட்டுகிறார் என்று சொன்னார். கதை சொல்லத் தெரியாதவர். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு, தொடக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். சத்தமில்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. மணி அடிக்கும்வரை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில், சிஸ்டர் சொன்னபடி பின்வாசலுக்கு வந்தார். மறைப்புத் திரைக்குப் பின்னால் கட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, தேறுவது இந்தப் பக்கம், தேறாதது அந்தப் பக்கம் என்று அடுக்கினார். காது மட்டும் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆயாவின் வாளி, பாத்திரச் சத்தம், யாரோ இருமும் சத்தம். அவள் கட்டில் பக்கமிருந்து ஒன்றுமில்லை.

பிறகு ஓர் ஆண் குரல் கேட்டது. கரகரவென்று, அடித்தொண்டையில். "அந்தத் தண்ணியைக் கொஞ்சம் வெதுவெதுன்னு குடுங்க ஆயா. பச்சைத் தண்ணி இறங்க மாட்டேங்குது."

பெண்கள் வார்டில் காலை வேளையில் எவன் உள்ளே வந்தான்? தனக்கு மட்டும்தான் இந்த விதியெல்லாமா? அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திரையை ஒதுக்கித் தலையை நீட்டினார். ஆண் யாரும் இல்லை. ஆயா டம்ளரோடு நின்றார். கட்டிலில் சாய்ந்திருந்த அவர் மனைவி அதே கரகரப்பில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அப்புறம் அந்தத் தலையணையைச் சும்மா இப்படித் தள்ளுங்க. நேத்தே சொல்லணும்னு இருந்தேன், வாய்தான் வரல."

அவர் கைக்கெட்டிய கட்டிலில் உட்கார்ந்தார். அது தேறாத பக்கத்துக் கட்டில். மூன்று காலோடு அவரையும் சேர்த்துக் கவிழ்ந்தது. சத்தம் கேட்டு வந்த சிஸ்டர் திரையை விலக்கிப் பார்த்தார்.

"இருக்கிறது போதாதுன்னு இதையும் உடைச்சாச்சா?"

தரையில் உட்கார்ந்தபடியே அவர் சிரித்தார். சிஸ்டர் அவரையும் பார்த்தார், கட்டிலோரத்திலிருந்து வந்த அந்தக் குரலையும் கேட்டார். "எழுந்திருங்க, துரு ஏறின கம்பி குத்தப்போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜலதோஷமாக இருக்கலாம்.

டாக்டரம்மா வந்து, ஆ சொல்லச் சொல்லி, ஈ சொல்லச் சொல்லிக் கேட்டார். நரம்பு வேலை செய்கிறது, வீக்கம் வடிய வடியக் கரகரப்புப் போய்விடும், சில வாரம் ஆகும் என்றார். "ஆனா ஒண்ணு. தொண்டைக்கு ஓய்வு குடுக்கணும். தேவைக்கு மட்டும் ரெண்டு வார்த்தை." அவள் பணிவாகத் தலையாட்டினாள். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்வதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது. அவளே எடுத்து ஹலோ என்றாள்.

"அப்பா, அம்மாவுக்கு எப்படியிருக்கு? அம்மாகிட்ட குடுங்க" என்று மகள் படபடத்தாள். பக்கத்துக் கட்டில்வரை கேட்டது.

"அம்மாதான்டி பேசறேன்."

அந்தப் பக்கம் அழுகை. "இந்த நேரத்துல அழாதடி, பிள்ளைக்கு ஆகாது. கேளு, நேத்து என்ன ஆச்சு தெரியுமா, உங்கப்பா..." என்று அவள் தொடங்கினாள். கதவு, ஸ்க்ரூ, ஆயா, தியேட்டர்க்காரர் முகம், எல்லாம் வந்தது. தான் ஊசி மயக்கத்தில் சொன்னது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. தங்கை சொல்லித் தெரிந்ததில் தன் சரக்கையும் சேர்த்துக்கொண்டாள். போனை வைத்த பிறகும் நிற்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரி முழுதாகக் கேட்கவில்லையாம், அவளுக்காக மறுபடி முதலிலிருந்து.

சிஸ்டர் பின்வாசலுக்கு வந்தார். "உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க. டாக்டர் அவ்வளவு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நான் சொன்னாக் கேக்கல, நீங்க போய்ச் சொல்லுங்க."

"இப்பவா சிஸ்டர்? நாலு மணி ஆகலியே."

"போங்கன்னா போங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கட்டிலருகே நின்றார். அவள் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கதவு இறங்கிய கட்டத்திலிருந்து தொடர்ந்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாத்திரைத் தட்டோடு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்த சிஸ்டர், அவர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா, இல்லையா?"

"சொல்லத்தான் வந்தேன் சிஸ்டர்" என்றார் அவர். "இடம் குடுக்க மாட்டேங்கறா."